குட்டிக் காருக்கு உள்ளே எந்த பெயின்ட்?

கேள்வி: சிங்கப்பூரிலிருந்து வந்த மாமா, டாமியா கம்பெனியின் 1/24 அளவு கிட் (பாகங்களை நாமே ஒட்டிச் செய்யும் பிளாஸ்டிக் மாடல்) ஒன்று வாங்கி வந்தார். 1966 மாடல் ஃபோக்ஸ்வேகன் பீட்டில். வெளிப்பக்கம் ஸ்ப்ரே அடித்துவிடலாம் என்று தைரியம் இருக்கிறது. உள்ளே இருக்கும் சீட், டேஷ்போர்டு, ஸ்டீயரிங்கைப் பார்த்தால்தான் பயமாக இருக்கிறது. விசாரித்த இடத்தில் காற்றால் பெயின்ட் தூவும் ஏர்பிரஷ், அதற்கான கம்ப்ரஸர், 24 கலர் செட் என்று பட்டியல் போடுகிறார்கள். இத்தனையும் வாங்கத்தான் வேண்டுமா?
– கல்லூரி மாணவர், பசுமலை

பதில்: வேண்டாம். உள்பக்கத்தில் பெரிய பரப்பு என்று எதுவுமே கிடையாது. நிஜக் காரில் 40 செ.மீ. இருக்கும் ஸ்டீயரிங் வளையம் உங்கள் கிட்டில் 17 மி.மீ. வந்தால் அதிகம். இதற்கு ஏர்பிரஷ் எதற்கு? நல்ல பிரஷ் இரண்டு போதும், காசை அதில் போடுங்கள்.

நல்ல பிரஷ் என்றதும் மூன்று சைபர் போட்ட ஊசிப் பிரஷைத் தேடிப் போகாதீர்கள். அதன் நுனியில் நிற்கிற துளி பெயின்ட், நம்ம ஊர் சித்திரை வெயிலில் சீட்டைத் தொடுவதற்குள் காய்ந்துவிடும். முடி கொஞ்சம் அதிகமாக, நுனி மட்டும் கூராக இருக்கும் 1-ம் நம்பர் பிரஷ்தான் வேலைக்கு ஆகும். புதுப் பிரஷின் நுனியைப் பசை தடவிக் கூராக்கி வைத்திருப்பார்கள், அதைப் பார்த்து ஏமாற வேண்டாம். கடைக்காரரிடம் ஒரு டம்ளர் தண்ணீர் கேளுங்கள். பசை கரையும்வரை நனைத்து ஒரு உதறு உதறினால், முடியெல்லாம் தானாக ஒரே கூராகச் சேர வேண்டும். விரிந்து நின்றால் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.

அடுத்தது கலர் செட். இதில்தான் பலரும் பணத்தை விடுகிறார்கள். காரின் உள்பக்கம் நிஜமாகத் தெரிவதற்கு எத்தனை நிறம் அடித்தோம் என்பதைவிட, எந்த இடம் எவ்வளவு மினுங்குகிறது என்பதுதான் முக்கியம். ரெக்சின் சீட்டுக்கு லேசான மினுமினுப்பு உண்டு. தரையில் போட்ட ரப்பர் விரிப்புக்கு அது கிடையாது. டேஷ்போர்டு தகடு பளபளக்கும். மூன்றையும் ஒரே பளபளப்பில் விட்டால், எவ்வளவு விலை உயர்ந்த பெயின்ட் அடித்தாலும் பொம்மைக் கார்தான். ஆகவே 24 கலருக்குக் கொடுக்கும் காசில் நாலு கலரும், மேலே பூச மேட் (மினுங்காதது), சாட்டின் (லேசாக மினுங்குவது), பளபளப்பு என்று வார்னிஷ் வகைக்கு ஒன்றும் வாங்குங்கள். நாலு கலர் எவை என்றால்: அடர்சாம்பல், கூரைத் துணிக்கு வெளுத்த கிரீம், சீட்டுக்கு உங்கள் விருப்பம், கைப்பிடிகளுக்கு வெள்ளி. சுத்தக் கறுப்பு வேண்டவே வேண்டாம். இந்த அளவில் கறுப்பு அடித்தால் மேடு பள்ளமெல்லாம் காணாமல் போய் ஒரு பொந்து மாதிரி தெரியும். டாமியாவிலேயே எக்ஸ்எஃப்-69, எக்ஸ்எஃப்-85 என்று கறுப்பை ஒட்டிய மங்கலான நிறங்கள் உண்டு.

டாமியா என்று சொன்னேனே தவிர, அந்த அக்ரிலிக்கைப் பிரஷில் அடிப்பது கொஞ்சம் சிரமம். இரண்டாவது கோட் போடும்போது முதல் கோட் கரைந்து கூடவே வந்துவிடும். பிரஷ் வேலைக்கு வயேஹோ (Vallejo) கம்பெனி பெயின்ட் மாதிரி தண்ணீரில் கரைகிற வகை சௌகரியம். சொட்டு மூடி இருப்பதால் வீணாவதும் குறைவு. விலையைப் புட்டிக்குப் புட்டி பார்க்காமல் மி.லி. கணக்கில் பாருங்கள். டாமியா சின்னப் புட்டி 10 மி.லி.தான், மற்றது 17, 18 வரும்.

பீட்டிலில் ஒரு சௌகரியம் இருக்கிறது. அந்தக் காலத்து வண்டியில் டேஷ்போர்டு வெறும் தகடு, வெளி நிறமேதான் உள்ளேயும். வெளிப்பக்கம் ஸ்ப்ரே அடிக்கும்போது டேஷ்போர்டையும் சேர்த்து அடித்துவிடுங்கள். டிரைவர் முன்னால் வட்டமாக ஒரே ஒரு ஸ்பீடோமீட்டர். கிட்டோடு வரும் டீக்கால் தாளில் (ஒட்டும் படத் தாள்) அதன் முகம் இருந்தால் வெட்டி ஒட்டி, காய்ந்ததும் பளபளப்பு வார்னிஷ் ஒரு சொட்டு விடுங்கள். மறுநாள் பார்த்தால் மேலே கண்ணாடி போட்ட மாதிரியே இருக்கும்.

சீட்டுக்குத் தண்ணீராக இரண்டு கோட், அதன்மேல் சாட்டின் வார்னிஷ். நன்றாகக் காய்ந்த பிறகு அடர்சாம்பலை டீத்தண்ணி பதத்துக்குக் கரைத்து, அதில் பாத்திரம் கழுவும் திரவம் அரைச் சொட்டு விட்டு, தையல் கோடுகளில் பிரஷ் நுனியை வைத்தால் போதும். தானாக ஓடி நிரம்பும். மேடான இடத்தில் தங்கியதை ஈரத் துணியால் துடைத்துவிடுங்கள்.

ஜன்னல் கண்ணாடியை ஒட்ட மட்டும் சூப்பர் குளூவைத் தொடாதீர்கள். அதன் ஆவி பட்டுக் கண்ணாடி வெள்ளையாகப் பூத்துவிடும், அப்புறம் உள்ளே செய்த வேலை யாருக்கும் தெரியாது. வீட்டில் இருக்கும் ஃபெவிகாலே போதும்.

கேள்வி: அக்காவின் நெயில் பாலிஷ் கலர் கலராக வீட்டில் இருக்கிறது. அதையே அடித்தால் என்ன?
– பிளஸ் ஒன் மாணவி, மேலூர்

பதில்: அதில் உள்ள கரைப்பான் கிட் பிளாஸ்டிக்கைக் கரைக்கும். பாலிஷ் அழிக்கும் அசிட்டோன் அதைவிட மோசம். சீட்டின் கோடுகள் இளகிப் போய்விடும். அக்காவும் சண்டைக்கு வருவார்.

கேள்வி: எங்கள் அப்பா திருமங்கலம் ஸ்டாண்டில் அம்பாசிடர் டாக்ஸி ஓட்டியவர். அவருடைய மணிவிழாவுக்கு அந்த வண்டியைச் சின்னதாகச் செய்து கொடுக்க ஆசை. இழுத்துவிட்டால் ஓடுகிற அம்பாசிடர் பொம்மை வாங்கினேன். உள்ளே முழுக்க ஒரே கறுப்பு பிளாஸ்டிக். பெயின்ட் அடித்தால் உரிந்து உரிந்து வருகிறது. பொம்மை மட்டமா, பெயின்ட் மட்டமா?
– இல்லத்தரசி, திருமங்கலம்

பதில்: இரண்டையும் குறை சொல்ல வேண்டாம். அச்சிலிருந்து எடுக்கும்போது ஒட்டிய எண்ணெய்ப் பசை இன்னும் அதன்மேல் இருக்கும். அடியில் இருக்கும் ஸ்குரூவைக் கழற்றி, உள்பாகத்தைத் தனியாக எடுத்து, சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவையுங்கள். 1000 நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, பிளாஸ்டிக்குக்கான பிரைமர் (பெயின்ட் பிடிப்பதற்கான அடிப்பூச்சு) ஒரு கோட் அடித்த பிறகு கலருக்குப் போங்கள். கேன்வாஸுக்குப் பூசும் ஜெஸ்ஸோவைப் பிரைமர் என்று கொடுத்தால் வாங்காதீர்கள், அது கெட்டியாகப் படிந்து மீட்டரையெல்லாம் மூடிவிடும். கார் பட்டறைகளுக்கு விற்கும் ஸ்ப்ரே பிரைமரில் சில வகை பிளாஸ்டிக்கை அரிக்கும். கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கத்தில் அடித்துப் பார்த்துவிட்டு மேலே அடியுங்கள். மொட்டை மாடியில் வைத்து அடியுங்கள், மழை ஈரம் இருக்கும் நாளில் வேண்டாம், பூத்துப் போகும்.

இந்தப் பொம்மைகளில் உள்பக்கம் பெரும்பாலும் ஒப்புக்குத்தான் இருக்கும். அதனால் அப்பா ஞாபகம் வைத்திருக்கும் விஷயங்களை நீங்களே சேர்க்க வேண்டியதுதான். 2014-ல் தயாரிப்பே நின்றுபோன வண்டி. பழைய அம்பாசிடரில் முன்சீட் ஒரே நீளப் பெஞ்சு, கியர் ஸ்டீயரிங்குக்குக் கீழே கம்பியாக நிற்கும். பொம்மையில் முன்சீட் இரண்டாகப் பிரிந்திருந்தால் நடு இடைவெளியை எம்-சீல் வைத்து அடைத்துவிடலாம். கியருக்குக் குண்டூசி ஒன்றை வெட்டி ஒட்டுங்கள். சீட் முதுகில் வெள்ளைத் துண்டு போட்டிருந்தாரா? டிஷ்யூ பேப்பரில் ஒரே ஒரு அடுக்கைப் பிரித்து, சின்னதாக வெட்டிப் போர்த்தி, தண்ணீர் கலந்த ஃபெவிகாலைப் பிரஷால் தொட்டு வையுங்கள். காய்ந்ததும் மடிப்போடு அப்படியே நிற்கும். டேஷ்போர்டில் எந்தச் சாமி படம் இருந்தது என்று அம்மாவிடம் ரகசியமாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும் கவனம். 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கான பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். அந்த முத்திரை கடையிலிருந்து வந்த பொம்மைக்குத்தான், உங்கள் பெயின்டுக்கு இல்லை. வேலை முடிந்ததும் பேரப்பிள்ளை வாயில் வைக்காத உயரத்தில் வையுங்கள்.

கேள்வி: ஆன்லைனில் ஆறு புட்டி மாடல் பெயின்ட் வாங்கினேன். இரண்டு உள்ளே ரப்பராக இறுகிக் கிடக்கிறது. 'பெயின்டுக்கு ரிட்டர்ன் கிடையாது' என்கிறார்கள்.
– வங்கி ஊழியர், அண்ணா நகர், மதுரை

பதில்: பிடிக்கவில்லை என்று திருப்பி அனுப்பினால் மறுக்கலாம். பழுதான பொருளுக்கு அந்தச் சாக்கு செல்லாது, 2020-ம் ஆண்டு மின்வணிக விதிகள் அதை அனுமதிப்பதில்லை. அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு, மூடி திறந்த படம், பில்லோடு எழுதுங்கள். 48 மணி நேரத்தில் புகார் கிடைத்தது என்று பதில் வர வேண்டும், ஒரு மாதத்தில் முடித்துத் தர வேண்டும். நடக்கவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசுங்கள். இரண்டு புட்டிக்கு அநேகமாக அதிலேயே முடிந்துவிடும். அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மதுரையிலேயே வழக்குப் போடலாம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

கேள்வி: வெளிநாட்டு கிட் பெட்டியில் எம்.ஆர்.பி.யே இல்லை. கடைக்காரர் சொல்வதுதான் விலையா?
– வாசகர், உசிலம்பட்டி

பதில்: முறையாக இறக்குமதியானது என்றால் இறக்குமதி செய்தவர் பெயர், முகவரி, எந்த நாட்டுச் சரக்கு, எல்லா வரியும் சேர்ந்த எம்.ஆர்.பி. ஆகியவை ஸ்டிக்கராகவாவது பெட்டிமேல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் யாரோ பெட்டியில் போட்டுக் கொண்டுவந்த சரக்காக இருக்கலாம். மலிவாகக் கிடைத்தாலும் உள்ளே ஒரு பாகம் குறைந்தால் கேட்க ஆள் இருக்காது. ஸ்டிக்கரில் போட்டதற்கு மேல் பணம் கேட்டால் பில் வாங்கிக்கொண்டு, தொழிலாளர் துறையில் இருக்கும் சட்டமுறை எடையளவு அதிகாரியிடம் புகார் கொடுக்கலாம். பில்லே தர மாட்டேன் என்கிற கடையில் விலையுயர்ந்த கிட் வாங்காதீர்கள்.