டேப்பை யார் வைத்திருந்தார்கள்?

அன்புள்ள அண்ணாச்சி,

வானொலியில் சோதனை இசை, அதாவது வழக்கமில்லாத புதுச் சத்தங்களைச் செய்துபார்க்கும் இசை, வளர்ந்தது அரசுப் பணத்தால்தான் என்று நீங்கள் எழுதியதைப் படித்தேன். அரசுப் பணத்துக்கு நற்சான்று கொஞ்சம் கூடிப்போய்விட்டது. 1952-ல் மத்திய ஒலிபரப்பு அமைச்சர் கேஸ்கர் சினிமாப் பாட்டை ஆகாசவாணியிலிருந்து ஓரங்கட்டியதும் ஜனங்கள் இலங்கை வானொலிப் பக்கம் போய்விட்டார்களே. புது இசையைக் கொண்டுவந்தவை சின்னத் தனியார் லேபிள்கள், அதாவது பாட்டுப் பதிவு வெளியிடும் கம்பெனிகள்தான் என்பது என் கட்சி. பின்குறிப்பு: என் மாமா வீட்டில் பழைய வில்லுப்பாட்டு கேசட்டுகள் ஒரு பெட்டி நிறையக் கிடக்கின்றன. வேண்டுமா?

ரா., புனலூர்

அன்புள்ள ரா.,

கேஸ்கர் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. போனவர்களைத் திரும்பக் கூப்பிட 1957-ல் சினிமாப் பாட்டுக்கு இடம் கொடுத்து விவித பாரதி என்ற வானொலிச் சேவையைத் தொடங்க வேண்டியதாயிற்று. ஆனால் அதே 1952-ல், அதே அமைச்சரின் காலத்தில்தான் டெல்லி வானொலியில் ரவிசங்கரை வைத்து வாத்ய விருந்தா என்ற வாத்தியக் குழுவும் ஆரம்பமானது. நம் வாத்தியங்களைக் கூட்டமாக வாசிக்கவைத்தால் என்ன ஆகும் என்று பார்த்தார்கள். எல்லாம் தேறியது என்று சொல்லமாட்டேன். பார்க்க இடம் இருந்தது.

போலந்தைப் பாருங்கள். கம்யூனிஸ்ட் ஆட்சி. 1957-ல் வார்சாவில் வானொலிக்குள்ளேயே ஒரு சோதனை இசைக்கூடம் திறக்கிறார்கள், பொறுப்பு யூசெஃப் பட்கோவ்ஸ்கிக்கு. நாடகத்துக்கும் சினிமாவுக்கும் சத்தம் செய்து கொடுக்கும் வேலை அங்கே நிறைய நடந்தது. கூடவே பெண்டெரெட்ஸ்கி மாதிரி இசையமைப்பாளர்கள் வந்து புதிதாக எதையாவது செய்துகொண்டிருந்தார்கள். எனக்குப் பிடித்தவர் எவ்கேனியுஷ் ருட்னிக். சம்பளத்துக்கு வந்த சவுண்ட் இன்ஜினியர். மற்றவர்கள் வெட்டிப்போட்ட டேப் துண்டுகளைப் பொறுக்கி ஒட்டியே இசையமைப்பாளர் ஆகிவிட்டார்.

டேப் வெட்டுவது எப்படியென்று எனக்குக் கொஞ்சம் தெரியும். இளவயதில் ஒரு வானொலி நிலையத்தில் தற்காலிக அறிவிப்பாளனாக இருந்தேன். வெட்ட வேண்டிய இடத்தில் மஞ்சள் பென்சிலால் கோடு போட்டு, பிளேடால் சாய்வாக அறுத்து, இரண்டு முனையையும் சேர்த்து ஒட்ட வேண்டும். நேராக அறுத்தால் ஒட்டுப்போட்ட இடத்தில் 'டக்' என்று கேட்கும். அங்கே ஒருநாள் எங்கள் பக்கத்து வில்லுப்பாட்டு அண்ணாவி ஒருவரை இரண்டு மணி நேரம் பதிவு செய்தோம். மழை பெய்துகொண்டிருந்தது, தகரக் கூரைச் சத்தமும் குடத்தின் சத்தமும் கலந்து விழுந்திருந்தன. ஆறு மாதம் கழித்துக் கேட்டால், அந்த டேப்பில் பயிர்ப் பாதுகாப்பு உரை இருக்கிறது! டேப் தட்டுப்பாடாம். கேட்டவனுக்கு வேலை போகாததே பெரிது.

ஆக, அரசு என்றால் எனக்கு இரண்டு ஆள். ஸ்டூடியோவைத் திறந்துவிடுகிறவர் ஒருவர், டேப்பை அழிக்கிறவர் ஒருவர். இரண்டு பேரும் ஒரே கட்டடத்தில்தான் இருப்பார்கள்.

தனியார் என்றால் மட்டும் என்ன? 1980-ல் யேசுதாஸ் திருவனந்தபுரத்தில் தரங்கிணி என்ற பாட்டுப் பதிவுக் கம்பெனியைத் தொடங்கினார். ஓணப் பாட்டு கேசட்டுக்கு ஒரு சந்தையே உண்டாயிற்று. நல்ல விஷயம். ஆனால் எங்கள் செங்கோட்டையில் கார்த்திகை பிறந்தால் கேசட் கடை முழுக்க ஐயப்பன் பாட்டு, வேறெதற்கும் இடமில்லை. வில்லுப்பாட்டையும் சின்னக் கம்பெனிகள் போட்டன, இல்லையென்று சொல்லவில்லை. அறுபது நிமிஷத்துக்குள் அம்மன் கதையை முடிக்கச் சொல்லிப் போட்டன.

உங்கள் கட்சிக்கு வலுவான சாட்சியை நானே தருகிறேன். அகமதாபாத்தில் மத்திய அரசின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969-ல் அமெரிக்க இசைக் கலைஞர் டேவிட் டியூடர் வந்து, மின்சாரத்தால் சத்தம் உண்டாக்கும் ஒரு மூக் சின்தசைசருடன் எலக்ட்ரானிக் இசைக்கூடம் அமைத்துக் கொடுத்தார். நம்மவர்கள் அதில் விதவிதமாகச் செய்துபார்த்த டேப்புகள் பல பத்தாண்டுகள் அங்கேயே கிடந்தன. பால் பர்காஸ் என்ற பிரிட்டிஷ் கலைஞர் தேடி எடுத்தார். 2023-ல் லண்டனில் ஒரு தனி லேபிள் வெளியிட்டது. வார்சா டேப்புகளையும் போலந்தின் போவ்ட் என்ற சின்ன லேபிள்தான் இன்று தேடித்தேடிப் போடுகிறது. செய்தது அரசுச் செலவில், காதுக்கு வந்தது தனியாரால். பாதி கட்சி உங்களுக்கு ஜெயம், தம்பி.

மாமாவின் பெட்டியைக் கட்டாயம் கொண்டு வாருங்கள். ரயிலில் வந்தால் ஸ்டேஷனுக்கு நானே வருகிறேன். நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் எந்தப் பிளேயரிலும் போட்டுப் பார்த்துவிடாதீர்கள், அப்படியே எடுத்து வாருங்கள். அப்புறம், வெயிலில் வைக்க வேண்டாம் என்று மாமாவிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.