பாய்மரம் முறிந்தால் எதை எடுத்து வெட்டுவது?

கேள்வி: சிங்கப்பூரில் இருந்து எழுதுகிறேன். நண்பர்கள் மூன்று பேர் சேர்ந்து 36 அடி பாய்மரப் படகு ஒன்று வாங்கியிருக்கிறோம், அடுத்த ஆண்டு லங்காவி, புக்கெட் வரை போய்வர ஆசை. நடுக்கடலில் பாய்மரம் முறிந்து விழுந்தால் அதைப் பிடித்திருக்கும் கம்பிகளை வெட்டிவிட வேண்டும் என்கிறார்கள். எங்கள் படகில் 8 மி.மீ. எஃகுக் கம்பி, கூடவே 18 அங்குல போல்ட் கட்டர் (நீண்ட கைப்பிடியுள்ள கம்பி வெட்டும் கருவி) ஒன்றும் கிடக்கிறது. அது போதுமா? நண்பர், வட்டு சுழன்று உலோகத்தை அறுக்கும் பேட்டரி கிரைண்டர் வாங்கச் சொல்கிறார்.

பதில்: போதாது. ஒருமுறை படகுப் பட்டறையில் கழற்றிப் போட்ட பழைய 8 மி.மீ. கம்பியில் அதே அளவு கட்டரை வைத்து அழுத்திப் பார்த்தேன். கம்பி நசுங்கி விரிந்ததே தவிர அறவில்லை, கட்டரின் வாயில்தான் பள்ளம் விழுந்தது. நிலையான தரையில், காலை ஊன்றி நின்று செய்தபோதே இந்தக் கதி.

இதற்குக் காரணம் கம்பியின் அமைப்பு. 19 தனி இழைகளை முறுக்கிச் செய்த கடினமான துருப்பிடிக்காத எஃகு அது, 8 மி.மீ. கம்பி ஒன்று நாலரை டன்னுக்கு மேல் தாங்கும். போல்ட் கட்டரின் நேரான வாய் ஒற்றைத் திண்மக் கம்பிக்காகச் செய்தது, இழைகளை அது பக்கவாட்டில் பிதுக்கிவிடும். கம்பிவடத்துக்கென்றே வளைந்த வாயோடு வரும் கேபிள் கட்டர் இழைகளைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு அறுக்கும். வாங்கும்போது அது எத்தனை மி.மீ. என்பதோடு எந்த வகைக் கம்பிக்கு அந்த அளவு சொல்லியிருக்கிறது என்றும் பாருங்கள், மென்மையான கம்பிக்குச் சொன்ன எண் இங்கே செல்லாது. போல்ட் கட்டர்தான் கிடைக்கும் என்றால் 36 அங்குலத்துக்குப் போங்கள். ஒரு கைப்பிடியைத் தளத்தில் ஊன்றி, மற்றதன் மேல் உடம்பின் எடை முழுவதையும் போட்டு அழுத்த வேண்டும்.

கிரைண்டரை நான் ஒதுக்கவில்லை. 1 மி.மீ. வட்டு போட்ட பேட்டரி கிரைண்டர் உங்கள் கம்பியைச் சில நொடிகளில் அறுத்துவிடும், கம்பிக்குப் பதில் திண்மக் கோல் போட்ட பந்தயப் படகுகளுக்கு அதுவோ ஹைட்ராலிக் கட்டரோதான் சரிப்படும். ஆனால் ஆடுகிற தளத்தில் மண்டியிட்டு, இரண்டு கையும் கருவியில் இருக்க, அலை மேலே விழும் நிலையை நினைத்துப் பாருங்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் அதைத் தொடக்கூடாது. பெட்ரோல் கேன் பக்கத்தில் இருந்தால் தொடவே கூடாது. வட்டுக்குக் காலாவதித் தேதி உண்டு, ஈரம் பட்டால் பலம் குறைந்து சுழலும்போதே உடையும், அதனால் காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். அப்புறம், பேட்டரியில் சார்ஜ் இருக்க வேண்டுமே!

உண்மையில் முதலில் எடுக்க வேண்டியது வெட்டும் கருவியே இல்லை, குறடும் சுத்தியலும் ஒரு துளையூசியும்தான் (பின்னைத் தட்டி வெளியேற்றும் எஃகு முனை). ஒவ்வொரு கம்பியும் அடியில் கிளெவிஸ் பின் என்ற தடித்த ஆணியில் மாட்டியிருக்கிறது, அந்தப் பின் நழுவாமல் ஸ்ப்ளிட் பின் என்ற இரண்டு கால் உள்ள சிறிய ஊசி பிடித்திருக்கிறது. அதை நிமிர்த்தி இழுத்துவிட்டு, துளையூசியை வைத்துத் தட்டினால், இழுவிசை இல்லாத கம்பி அப்படியே கழன்று வந்துவிடும். நம் ஆட்களில் பலர் ஸ்ப்ளிட் பின்னின் காலைச் சுற்றிச் சுற்றி வளைத்து மேலே டேப்பும் ஒட்டி வைக்கிறார்கள். லேசாக விரித்தால் போதும், தயவுசெய்து இந்த வாரமே போய்ப் பாருங்கள். வளைந்துபோன பின், இழுவையில் இறுகிய பின், இவற்றுக்குத்தான் கட்டர். ஹாக்ஸாவை (இரும்பறுக்கும் கை ரம்பம்) நம்பாதீர்கள், தொய்ந்த கம்பி பிளேடோடு சேர்ந்து ஆடும். படகின் முன்முனைக்கு வரும் முன்கம்பியில் பாய் சுருட்டும் அலுமினியக் குழாய் இருந்தால் அதற்கு மட்டும் அது உதவும், இருபது பிளேடாவது வையுங்கள்.

சரி, எப்போது வெட்டுவது? ஆட்களை எண்ணுங்கள், காயம் பாருங்கள், படகுக்குள் தண்ணீர் வருகிறதா பாருங்கள், பிறகுதான் கம்பி. முறிந்த மரம் படகின் உடற்பகுதியை இடித்துக்கொண்டிருந்தால் தாமதிக்கக் கூடாது, ஓட்டை விழுந்தால் படகே போய்விடும். கடல் அமைதியாக இருந்தால் மரத்தை மீட்கப் பார்க்கலாம். படகோடு பிணைக்கும் பாதுகாப்புப் பட்டியை மாட்டிக்கொண்டுதான் வெளியே வர வேண்டும், ஒவ்வொரு கருவிக்கும் ஒரு கயிறு கட்டியிருக்க வேண்டும். விறைத்து நிற்கும் கம்பி அறுந்தால் சாட்டை மாதிரி அடிக்கும், அதன் நேர்கோட்டில் நிற்காதீர்கள். முன்கம்பியைக் கடைசிக்கு விட்டால் மிதக்கும் சிதைவு நங்கூரம் போல இழுத்து, அணியம் (படகின் முன்பக்கம்) அலையைப் பார்த்துத் திரும்பும், பக்கவாட்டு இடியும் குறையும். மரத்துக்குள் ஓடும் கயிறுகளும் மின்வயர்களும் கடைசிவரை பிடித்துக்கொண்டிருக்கும், அவற்றையும் மறக்காதீர்கள். தண்ணீரில் கயிறு எதுவும் இல்லை என்று உறுதியாகும் வரை எஞ்சினைத் தொடாதீர்கள், புரொப்பெல்லரில் சுற்றினால் அதுவும் போச்சு.

கருவி மட்டும் இருந்தால் போதாது, அதைப் பிடிக்க ஆளும் வேண்டும். 2018 செப்டம்பர் 21 அன்று தனியாளாக உலகைச் சுற்றும் கோல்டன் குளோப் பாய்மரப் படகுப் பந்தயத்தில் தெற்கு இந்தியப் பெருங்கடலில் இந்தியக் கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமியின் படகு 'துரியா' புரண்டு பாய்மரம் முறிந்தது. முதுகெலும்பில் அடிபட்டு அவரால் நகரவே முடியவில்லை. இந்தியக் கடற்படையின் பி-8ஐ கண்காணிப்பு விமானம் கண்டபோது முறிந்த மரம் படகின் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. மூன்று நாள் கழித்து பிரெஞ்சுக் கப்பல் 'ஒசிரிஸ்' அவரை மீட்டது. நீங்கள் மூன்று பேர், மூவரும் பழக வேண்டும். அதே பந்தயத்தில் நார்வேயின் ஆரே வீக், மரம் போன பிறகு தற்காலிகப் பாய் ஒன்றைக் கட்டித் தானாகவே கேப் டவுன் சேர்ந்தார். அதனால் பூமையும் (பாயின் அடியைப் பிடிக்கும் கிடைக்கழி) மற்றக் கழிகளையும் முடிந்தவரை காப்பாற்றுங்கள். வானொலி ஆன்டெனா மர உச்சியோடு போய்விடும், உபரி ஒன்று வையுங்கள்.

கேள்வி: என் படகில் எஃகுக் கம்பிக்குப் பதில் டைனீமா என்ற வலுவான செயற்கை இழைக் கயிறு. கத்தி போதுமா?

பதில்: விறைப்பாக இருந்தால் கூரான கத்தி பட்டதும் அறுந்துவிடும். தொய்ந்தால் வழுக்கும், பல்வெட்டுள்ள கத்தியும் அடியில் வைக்க ஒரு மரத்துண்டும் வேண்டும். அதே கயிற்றில் ஒரு முழம் வாங்கி வீட்டில் அறுத்துப் பாருங்கள்.