அண்ணே, அந்தப் பங்க அடமானம் வைக்காதீங்க

போன வாரம் தேவகோட்டையில இருந்து ஒரு அண்ணனும் ஆச்சியும் மகளக் கூட்டிக்கிட்டு எங்கிட்ட படிப்புக்கு யோசன கேக்க வந்தாங்க. பிளஸ் டூ மார்க் சுமார், சென்னையில மேனேஜ்மெண்ட் கோட்டாவுல கம்ப்யூட்டர் சயின்ஸ் போட்டுருவோம்னு பெரியப்பா முடிவே பண்ணிட்டாராம், பணத்துக்கு பெரிய வீட்டுல இவங்க பங்க அடமானம் வைக்கணும். ஆச்சி கண்ணு கலங்குனதப் பாத்து நானும் மொதல்ல "பாத்துக்கலாம் ஆச்சி"ன்னுதான் சொன்னேன், அப்புறம் வாய அடக்க முடியல.

ஏன்னா பிள்ளை பையில இருந்து ஸ்கூல் எக்ஸிபிஷனுக்கு வாங்குன எம்க்யூ 135ங்குற, காத்துல கலந்த கேஸக் கண்டுபிடிக்குற சென்சார எடுத்து, "சார், இது ஏன் இப்படிச் சுடுது?"ன்னு கேட்டுச்சு. கோடிங் பத்தி ஒரு வார்த்த கேக்கல.

சுடத்தான் செய்யும், உள்ள இருக்குறது டின் ஆக்சைடு, 200, 300 டிகிரிக்குச் சூடானாத்தான் அது வேல செய்யும். சூடே இல்லாம ரூம் டெம்பரேச்சர்லயே கேஸக் கண்டுபிடிக்கலாம்னு கார்பன் நானோடியூப், அதாவது கண்ணுக்கே தெரியாத கார்பன் குழாய், வச்சு 2000ல ஸ்டான்ஃபோர்டுல காட்டுனாங்க, அமோனியா பட்டா ரெசிஸ்டன்ஸ், அதாவது கரண்ட்டத் தடுக்குற அளவு, ஏறும், நைட்ரஜன் டை ஆக்சைடு பட்டா எறங்கும். ஆனா ஏறுறதையும் எறங்குறதையும் மட்டும் வச்சு எந்த கேஸுன்னு வெறும் டியூபால ஆள் அடையாளம் சொல்ல முடியாது, கல்யாண வீட்டு வாசல்ல சந்தனம் குடுக்குற மாதிரி பல பேருக்கு ஒரே வரவேற்புதான். அதனாலதான் அதுமேல வேலப்பாடு பண்றாங்க, ஹைட்ரஜனுக்கு பல்லேடியம்ங்குற உலோகத் துகள், அமோனியாவுக்கு பாலிஅனிலின்ங்குற கரண்ட் கடத்துற பிளாஸ்டிக் பூச்சு, இல்ல ஆசிட்ல போட்டு கார்பாக்ஸில்ங்குற அணுக்கூட்டத்தக் கொக்கி மாதிரி ஒட்டவச்சு அதுல வேற மாலிக்யூலக் கோக்குறது. மீன் கெட்டுப்போச்சான்னு பாக்கக்கூட இந்த வழியில முயற்சி நடக்குது. காத்துல ஈரம் இருந்தா ரீடிங் தடுமாறும், கேஸ் போனப்புறமும் பழைய நெலைக்குத் திரும்ப நேரமாகும், இந்தத் தலவலி இன்னும் முழுசாத் தீரல. இந்தப் பிள்ளைக்கு வேல அங்கதாண்ணே இருக்கு.

இதுக்குப் படிப்பு பிஎஸ்சி கெமிஸ்ட்ரி. காரைக்குடி கவர்மெண்ட் ஆர்ட்ஸ் காலேஜ் பீஸ் உங்க டொனேஷன்ல ஒரு மூலைக்குக் காணாது. அப்புறம் ஜாம்ங்குற நுழைவுத் தேர்வு எழுதி ஐஐடில எம்எஸ்சி, கெடைக்கலன்னா அழகப்பா யுனிவர்சிட்டி இருக்கு. ஜேஆர்எஃப்ங்குற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கிட்டா மாசம் 37,000 ரூபா கையில வாங்கிக்கிட்டே பிஎச்டி. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் குடுக்க, 1953ல காரைக்குடியில தெறந்த சிக்ரிங்குற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் நம்ம வாசல்ல நிக்குது, அதத் தாண்டி பஸ் ஏறி சென்னைக்குப் பணம் கட்டப் போறோம்!

சுளுவுன்னு சொல்லல. எப்படியும் பத்து வருஷம் ஆகும், ஜேஆர்எஃப் எல்லாருக்கும் கெடைக்காது, நடுவுல கல்யாணப் பேச்சு வேற வரும். ஆனா கடன் இல்லாம தோத்தா வேற வேல தேடிக்கலாம், பங்கு போச்சுன்னா மீட்க முடியாது. பெரியப்பா கேட்டா நான்தான் தடுத்தேன்னு சொல்லுங்க, எனக்கு ஒண்ணும் இல்ல.

பிள்ளை சென்சாரப் பையில போட்டுக்கிட்டே சிக்ரிக்குள்ள நம்மள விடுவாங்களான்னு கேட்டுச்சு. செப்டம்பர் 26 சிக்ரிய நடத்துற சிஎஸ்ஐஆரோட நாள், அன்னைக்குப் பொதுவா லேப் எல்லாம் சுத்திக் காட்டுவாங்க, அப்பாவக் கூட்டிட்டுப் போம்மான்னேன்.