ஆகேத்: ஏட்டில் மட்டும் வந்த வெள்ளம்

கேள்வி: ஐயா, பழைய எகிப்தியர்களுக்கு மூன்றே பருவம்தானா?
பதில்: ஆமாம், நைலை வைத்துத்தான் கணக்கு. வெள்ளம் வரும் ஆகேத், நீர் வடிந்து பயிர் வளரும் பெரேத், அறுவடைக்கு ஷெமு. பருவத்துக்கு 4 மாதம், மாதத்துக்கு 30 நாள். ஆண்டுக் கடைசியில் 5 நாள் சேர்த்தால் 365.

கேள்வி: எகிப்தில் மழையே குறைவு. வெள்ளம் ஏது?
பதில்: எத்தியோப்பிய மலைகளில் கோடையில் கொட்டும் மழைதான். நைலின் துணையாறுகளான நீல நைலும் அத்பாராவும் அதை வண்டலோடு கொண்டுவந்தன. கோடையில் போய் ஓர் ஆறு பெருகுவானேன் என்று பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோடஸ் மண்டையை உடைத்துக்கொண்டார்.

கேள்வி: லீப் வருடம் கிடையாதாமே! அப்போ வெள்ளம் வேறு மாதத்துக்குப் போய்விடாதா சார்?
பதில்: போகும், போனது. 4 ஆண்டுக்கு ஒரு நாள், 120 ஆண்டில் ஒரு மாதம் பிசகும். சில நூற்றாண்டு கழித்துப் பார்த்தால் ஏட்டில் ஆகேத், வயலில் அறுவடை. பழைய இடத்துக்குத் திரும்பச் சுமார் 1460 ஆண்டு ஆகும். 'கோடையில் குளிர்காலம் வந்துவிட்டது, மாதங்கள் தலைகீழ்' என்ற பொருளில் ஒரு பாப்பிரஸில் (நாணல் தாளில் எழுதிய பழைய ஏட்டில்) புலம்பல் இருக்கிறது. நாட்காட்டிக் குழப்பத்தைத்தான் சொல்கிறது என்பார்கள் சிலர். எனக்கென்னவோ பொதுவான புலம்பலாகவே படுகிறது.

கேள்வி: திருத்தியிருக்கலாமே?
பதில்: கி.மு. 238இல் எகிப்தை ஆண்ட கிரேக்க வம்ச மன்னர் மூன்றாம் தாலமியின் காலத்தில் கனோபஸ் ஆணை வந்தது: 4 ஆண்டுக்கு ஒருமுறை ஒரு நாள் கூட்டு என்று. அது நிலைக்கவில்லை. ரோமப் பேரரசர் அகஸ்டஸ் காலத்தில்தான் நிலைத்தது; எகிப்தியக் கிறிஸ்தவர்களின் இன்றைய காப்டிக் நாட்காட்டி அதன் வாரிசு. ஆனால் பழைய ஏற்பாட்டை முட்டாள்தனம் என்று சொல்ல மாட்டேன். எல்லா ஆண்டும் ஒரே நீளம் என்பது கணக்கருக்கு எவ்வளவு வசதி! வானியலாளர் கோப்பர்நிக்கஸ்கூட எகிப்திய ஆண்டில்தான் கணக்குப் போட்டார்.

கேள்வி: சரி, நாட்காட்டி கைவிட்டால் வெள்ளம் வருவதை எப்படித் தெரிந்துகொண்டார்கள்?
பதில்: வானத்தைப் பார்த்துத்தான். சுமார் 70 நாள் கண்ணில் படாத சிரியஸ் விண்மீன் கோடையில் விடியலுக்குச் சற்று முன் மறுபடி தெரியும். வெள்ளமும் கிட்டத்தட்ட அப்போதே. அப்புறம் நைலில் உள்ள எலிஃபன்டைன் தீவில் அளவு செதுக்கிய படிக்கட்டு உண்டு. நீர் எந்தப் படிவரை ஏறுகிறது என்பதிலிருந்து அந்த ஆண்டின் விளைச்சலையும் வரியையும் கணிக்கலாம்.

கேள்வி: வயலெல்லாம் தண்ணீர் என்றால் அந்த மாதங்களில் சும்மாவா இருந்தார்கள்?
பதில்: கீசாவின் பெரிய பிரமிடைக் கட்டிய மன்னர் கூஃபுவின் காலத்து மெரெர் என்ற மேற்பார்வையாளரின் குறிப்பேடு 2013இல் செங்கடல் கரையிலுள்ள வாடி அல்-ஜர்ஃபில் கிடைத்தது. அவர் குழு துரா கல்குவாரியிலிருந்து சுண்ணாம்புக்கற்களைப் படகில் கீசாவுக்கு ஏற்றிப்போயிருக்கிறது. வெள்ளம் ஏறிய மாதங்களில்தான் இது நடந்திருக்கும் என்கிறார்கள் ஆய்வாளர்கள். கல் சுமந்த படகு பிரமிடின் பக்கம்வரை வர அவ்வளவு தண்ணீர் வேண்டுமே.

கேள்வி: இப்போதும் வெள்ளம் வருமா?
பதில்: இல்லை. 1970இல் கட்டி முடித்த அஸ்வான் உயர் அணை, தண்ணீரையும் வண்டலையும் நாசர் ஏரியிலேயே பிடித்துவைக்கிறது.