பல்மைராவில் பனை உண்டா?

பசிபிக் பெருங்கடலில் ஆள் குடியிருக்காத பவளத்தீவு பல்மைரா. அதைப் பற்றிப் போன வாரம் நம் வாசகர் வட்டத்தில் லேசாக வாயைத் திறந்தேன், கேள்விகள் குவிந்துவிட்டன. கப்பலில் காலம் கழித்தவன் என்ற உரிமையில் பதில் சொல்கிறேன். ஆனால் அங்கே நான் இறங்கியதில்லை.

ஈசூன் அக்கா: ஆங்கிலத்தில் பல்மைரா என்றால் பனை. பெயரைப் பார்த்தால் பனங்காடு போலிருக்கிறதே, அண்ணே?

நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். 1802இல் அங்கே வந்து சேர்ந்த அமெரிக்கக் கப்பலின் பெயர் பல்மைரா. அதுவே தீவுக்கும் ஒட்டிக்கொண்டது. அங்கே இருப்பது தென்னை, அதுவும் தொல்லை தரும் அளவுக்கு.

ஜூரோங் தம்பி: எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரியது?

ஹவாயிக்குத் தெற்கே சுமார் 1,600 கிலோமீட்டர். நிலம் எல்லாம் சேர்ந்து நம் சிங்கப்பூரின் செந்தோசாத் தீவில் பாதி இருக்கும். அதுவும் ஒரே துண்டாக இல்லை. காயல்களைச் சுற்றிச் சிதறிய திட்டுகள். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கக் கடற்படை கால்வாய் தோண்டி, திட்டுகளைப் பாதையால் இணைத்து, விமான ஓடுபாதையும் போட்டது. ஆண்டு மழை 4,000 மில்லிமீட்டருக்கு மேல். நம்மூர் மழையே அதன் முன் கொஞ்சம்தான்.

தோ பாயோ நண்பர்: பெட்ரா பிராங்கா என்ற பாறைத்தீவு யாருக்கு என்று மலேசியாவோடு நாம் அனைத்துலக நீதிமன்றம் வரை போனோம். இதற்கும் வழக்கு உண்டா, ஐயா?

உண்டு. ஆனால் நாட்டுக்கும் நாட்டுக்கும் இல்லை, ஒரு குடும்பத்துக்கும் அமெரிக்க அரசுக்கும். 1862இல் ஹவாய் அரசு உரிமை கொண்டாடிய தீவு, 1898இல் ஹவாயோடு சேர்ந்து அமெரிக்கா வசமானது. ஃபுல்லர்ட்-லியோ குடும்பம் 1922இல் அதை விலைக்கு வாங்கியது. நிலம் தன்னுடையது என்று அரசு வழக்காட, 1947இல் உச்ச நீதிமன்றம் குடும்பத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது.

வேடிக்கை அதற்கப்புறம்தான். 1959இல் ஹவாய் மாநிலமானபோது பல்மைராவை மட்டும் சேர்க்காமல் விட்டுவிட்டார்கள். அதனால் அமெரிக்காவோடு முழுமையாக இணைக்கப்பட்டும் தனக்கென அரசு அமைப்பு இல்லாத ஒரே பகுதி அதுதான். அரசமைப்புச் சட்டம் முழுதாகச் செல்லும், ஓட்டுப் போடத்தான் ஆளில்லை! நேச்சர் கன்சர்வன்சி என்ற அமைப்பு 2000இல் குடும்பத்திடமிருந்து தீவை வாங்கியது. பெரிய திட்டான கூப்பர் இன்றும் அதன் கையில். 2001இல் வனவிலங்குச் சரணாலயம் அமைந்தது. அது மத்திய அரசின் மீன், வனவிலங்குத் துறையின் பொறுப்பு. ஆய்வாளர்களும் பராமரிப்பாளர்களும் முறைபோட்டு வந்து போகிறார்கள்.

அங் மோ கியோ அண்ணன்: டெங்கி உண்டா?

நல்ல கேள்வி! போர்க்காலத்தில் எலிகள் வந்து சேர்ந்து, பறவை முட்டைகளைத் தின்று பெருகின. 2011இல் நச்சுத் தீனி தூவி அடியோடு ஒழித்தார்கள். பிறகு பார்த்தால் டெங்கியைப் பரப்பக்கூடிய ஏடிஸ் வகையான ஆசியப் புலிக்கொசுவும் காணாமல் போயிருந்தது. அது பெரும்பாலும் எலி ரத்தத்தை நம்பியே பிழைத்திருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இங்கே நாம் பூந்தொட்டித் தட்டைக் கவிழ்த்துக்கொண்டே இருக்கிறோம். அங்கே எலி போனது, அந்தக் கொசுவும் போயிற்று.

ஈசூன் அக்கா: தென்னை என்ன தொல்லை?

கடற்பறவைகள் தென்னையில் அவ்வளவாகக் கூடு கட்டாது. அவற்றுக்குப் பிடித்தது பிசோனியா மரம். ஊரில் லச்சகொட்டைக் கீரை என்று வேலியோரம் வளர்த்தோமே, அதன் இனம்தான். பறவை எச்சம் மண்ணை வளமாக்க, மழை அந்தச் சத்தைக் கடலில் சேர்க்க, மிதவை உயிர்கள் பெருக, அதைத் தின்னத் திருக்கை மீன் வருகிறது. தென்னை மூடிய கரையில் இந்தச் சங்கிலி அறுந்துவிடுகிறது. அதனால்தான் தென்னையை வெட்டுகிறார்கள். தேங்காய்ச் சோறு சாப்பிடும் நமக்கு மனம் பதறத்தான் செய்யும்.

ஜூரோங் தம்பி: நான் போகலாமா, ஐயா?

அனுமதி வாங்கினால் போகலாம். படகில் எலி இருக்கக்கூடாது, தம்பி. அதில் விட்டுக்கொடுக்கவே மாட்டார்கள்.