பழைய கறுப்பு வெள்ளைப் படங்களை டிவியில் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது. உங்களால் எப்படி ரசிக்க முடிகிறது?

கேள்வியைப் படித்ததும் கோபம்தான் வந்தது, மறைக்கவில்லை. அப்புறம் யோசித்தேன். நீங்கள் ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பிட்டுவிட்டு, புது டிவியில் சேனலை மாற்றிக்கொண்டே போகும்போது ஒரு பழைய படத்தில் இரண்டு நிமிடம் நின்றிருப்பீர்கள். எல்லோருக்கும் முகம் பூசணிக்காய் மாதிரி இருந்திருக்கும். சிரிப்பு வராமல் என்ன செய்யும்? ஆனால் அது படத்தின் குற்றம் இல்லை.

எங்கள் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். போன வருடம் மகன் 43 இன்ச் டிவி வாங்கினான். ஒரு சனிக்கிழமை ஏதோ சேனலில் ‘அந்த நாள்’ போட்டார்கள். 1954-ல் எஸ். பாலசந்தர் இயக்கிய படம். பாட்டு கிடையாது, நடனம் கிடையாது. ஆரம்பத்திலேயே சிவாஜி சுடப்பட்டு விழுந்துவிடுவார். யார் சுட்டது என்று ஜாவர் சீதாராமன் விசாரிக்க, ஆளுக்கொரு கதை சொல்வார்கள். அந்தக் காலத்தில் இப்படி ஒன்றை எடுக்க எவ்வளவு துணிச்சல் வேண்டும்! ஒன்பதாவது படிக்கும் பேத்தியை வம்படியாகப் பக்கத்தில் உட்காரவைத்தேன். பத்து நிமிடம் ஆனதும் கேட்டாள்: “தாத்தா, அந்தக் காலத்துல எல்லாருமே இவ்வளவு குண்டா?”

எனக்குச் சுருக்கென்றது. பண்டரிபாய் குண்டு இல்லை. டிவிதான் அவரை அப்படி ஆக்கி வைத்திருந்தது.

பழைய படங்களின் சட்டம் (ஃபிரேம்) ஏறக்குறைய நான்கு பங்கு அகலம், மூன்று பங்கு உயரம். அந்தக் காலத்துப் பெட்டி டிவியும் அதே அளவுதான் என்பதால் கச்சிதமாகப் பொருந்தும். இப்போது சுவரில் மாட்டுகிற டிவியோ பதினாறுக்கு ஒன்பது. படத்தை அப்படியே போட்டால் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விழும். பட்டை தெரியக் கூடாது என்று பக்கவாட்டில் இழுத்துவிடுகிறார்கள். ஆள் மூன்றில் ஒரு பங்கு அகலமாகிவிடுகிறார். இழுக்காத புண்ணியவான்கள் மேலும் கீழும் வெட்டுகிறார்கள். அதில் கால்வாசிப் படம் காலி. ‘வஞ்சிக்கோட்டை வாலிபன்’ போட்டி நடனத்தை அப்படி வெட்டி ஒருமுறை பார்த்தேன். வைஜெயந்திமாலாவும் பத்மினியும் உயிரைக் கொடுத்து ஆடுகிறார்கள், பாதத்தைக் காணோம். வீரப்பா மட்டும் “சபாஷ், சரியான போட்டி!” என்கிறார். எதைப் பார்த்துச் சொன்னாரோ!

இன்னொரு கூத்தும் உண்டு. புது டிவிகளில் அசைவை வழவழப்பாக்கும் ஒரு வசதி தானாகவே ஓடிக்கொண்டிருக்கும். படத்தில் இல்லாத சட்டங்களை டிவியே செய்து நடுவில் செருகும். ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ இரவு எட்டு மணி சீரியல் மாதிரி தெரிவது அதனால்தான்.

“பெருசுக்கு எதைப் பார்த்தாலும் குறை” என்று யாராவது கீழே எழுதுவீர்கள், தெரியும். நான் மாற்றத்துக்கு எதிரி இல்லை. கைபேசியிலும் படம் பார்க்கிறேன். பழைய படமெல்லாம் காவியம் என்றும் சொல்லவில்லை; பாதியில் எழுந்துபோன கறுப்பு வெள்ளைப் படங்கள் எனக்கும் ஏராளம். சிவாஜி மிகையாக நடிக்கிறார் என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அவர் நாடக மேடையிலிருந்து வந்தவர், கடைசி வரிசைக்கும் எட்டும்படி பேசிப் பழகியவர். ‘பராசக்தி’ நீதிமன்றக் காட்சியை மட்டும் பார்த்துத் தீர்ப்பு எழுதாமல், இரண்டு வருடம் கழித்து வந்த ‘அந்த நாள்’ படத்தையும் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

இந்த விஷயத்தில் நான் இவ்வளவு கொதிப்பதற்குக் காரணம் என் அப்பா. பெரம்பூரில் ரயில்வே வேலை. வீட்டில் ஒரு ஆர்மோனியம். எண்பதுகளில் தெருவில் ஒரே ஒரு வீட்டில்தான் டிவி. வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’, ஞாயிறு மாலை படம் என்றால் தெருவே அங்கேதான் இருக்கும். ஒருநாள் ‘மாலைப் பொழுதின் மயக்கத்திலே’ வந்தது. அப்பா காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். வீட்டுக்கு வந்து ஆர்மோனியத்தில் கட்டையைத் தேடினார். இசைத்தட்டில் கேட்ட சுருதியும் இல்லை, அதற்கு அரைக் கட்டை மேலே, அதாவது அடுத்த கட்டையிலும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ நிற்கிறது. “டிவில பாட்டு சுருதி ஏறியிருக்குடா” என்றார். மறுநாள் டிவி வீட்டுக்காரரிடமும் சொன்னார். “டிவிக்கு என்ன சார் சுருதி?” என்று அவர் சிரித்தார், தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன், அதுதான் இன்னும் உறுத்துகிறது.

முப்பது வருடம் கழித்துத்தான் விஷயம் தெரிந்தது. சினிமாச் சுருள் நொடிக்கு 24 சட்டம் ஓடும். நம் ஊர் டிவி முறையில் நொடிக்கு 25. அதனால் படத்தை 25-க்கே ஓட்டிவிடுவார்கள். இரண்டரை மணி நேரப் படம் ஆறு நிமிடம் முன்னதாகவே முடிந்துவிடும். பாட்டின் சுருதி அரைக் கட்டைக்குக் கொஞ்சம் குறைவாக ஏறும். அப்பா சொன்னது அச்சு அசலாகச் சரி. அதைச் சொல்ல அவர் இல்லை.

சுருதி என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். இப்போது கல்யாண மண்டபங்களில் மெல்லிசை என்று வைக்கிறார்களே, அதில் மெல்லிசை எங்கே இருக்கிறது? போன மாதம் ஒரு வரவேற்பில் நாற்பது வருடம் கழித்து ஒரு நண்பனைப் பார்த்தேன். பக்கத்தில் உட்கார்ந்து சைகையில் பேசிவிட்டு வந்தோம். அவன் போன் நம்பரைக்கூட விரல்விட்டுத்தான் காட்டினான். அதில் ஒன்று தப்பு.

சரி, கேள்விக்கு வருகிறேன். ரிமோட்டில் படத்தின் அளவை மாற்றும் இடத்தைத் தேடி 4:3 என்று வையுங்கள். இழுத்த படம் என்றால் பெரும்பாலும் சரியாகிவிடும். சேனல்காரரே வெட்டியிருந்தால் ஒன்றும் செய்ய முடியாது, வேறு பிரதி தேடுங்கள். வழவழப்பு வசதியையும் அணைத்துவிடுங்கள். நான் அன்றைக்கு அதைத்தான் செய்தேன். “பட்டையப் பாக்கவாப்பா இவ்வளவு காசு குடுத்து வாங்கினோம்?” என்றான் மகன். பேத்தி ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “யாருதான் சுட்டாங்க, சொல்லு தாத்தா” என்றாள். சொல்லவில்லை. கடைசிவரை உட்கார்ந்து பார்த்தாள்.

ராத்திரி கிரிக்கெட்டுக்காக மகன் திரும்பப் பழையபடி மாற்றிவிட்டான். அவனையும் குறை சொல்ல முடியாது. 4:3-ல் கிரிக்கெட் வீரர்கள் எல்லாம் ஒட்டடைக் குச்சி மாதிரி தெரிந்தார்களாம்.