மாட்யுலர் சிந்தசைசருக்கு மரப்பெட்டியை நாமே செய்ய முடியுமா?

தாராளமாகச் செய்யலாம். மாட்யூல் எனப்படும் தனித்தனி மின்னணுப் பகுதிகளை ஒரே பெட்டியில் பொருத்தி, கம்பிகளால் இணைத்து ஒலி உருவாக்கும் இசைக்கருவிதான் மாட்யுலர் சிந்தசைசர். யூரோராக் வகை என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். 1990களின் நடுவில் ஜெர்மனியின் டோப்ஃபர் நிறுவனம் கொண்டுவந்த அளவுமுறை இது. மாட்யூலின் முகப்புத் தகடு 128.5 மி.மீ. உயரம். அகலத்தை ஹெச்பி என்ற அலகில் சொல்வார்கள். 1 ஹெச்பி 5.08 மி.மீ. ஆக, 84 ஹெச்பி வரிசைக்குச் சுமார் 427 மி.மீ. வேண்டும்.

பலரும் கணக்குப் போட்டு முதலில் மரத்தை அறுத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். மாட்யூல்களைத் திருகிப் பொருத்தும் அலுமினிய ரெயில்களை (சட்டங்களை) முதலில் வாங்கி, கைக்கு வந்ததை அளந்து, அப்புறம் ரம்பத்தை எடுங்கள். 12 மி.மீ. ப்ளைவுட் போதும்.

பக்கப் பலகையில் துளை போடும் இடம்தான் முக்கியம். மேல், கீழ் ரெயில்களின் திருகு வரிசைகளுக்கு நடுவே 122.5 மி.மீ. இருக்க வேண்டும். ஸ்கேலை நம்புவதைவிட, ஒரு மாட்யூலையே இரண்டு ரெயில்களிலும் திருகிவிடுங்கள். அதை அப்படியே பலகை மேல் நிறுத்தி, பென்சிலால் குறியுங்கள். அரை மி.மீ. பிசகினாலும் திருகு இழுத்துக்கொண்டு நிற்கும்.

ஆழத்தை, உங்களிடம் உள்ள மிக ஆழமான மாட்யூல், அதற்கு மின்சாரம் கொண்டுவந்து பின்னால் மடங்கும் பட்டையான ரிப்பன் கேபிள், அடியில் எல்லா மாட்யூல்களுக்கும் மின்சாரத்தைப் பிரித்துத் தரும் மின்பலகை எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். உப்புத்தாள் போட்ட மரத்தூளை முழுக்கத் துடைத்த பிறகே மின்பலகையைப் பொருத்துங்கள்.

கேபிளின் சிவப்புக் கோடு மைனஸ் 12 வோல்ட் பக்கம். மாற்றிச் செருகினால் மாட்யூல் கருகிவிடலாம், இருமுறை பாருங்கள்.